பெட்டி திறக்காத திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பெட்டி காணாமல் போயிற்று.

காணாமல் போயிற்று என்றால் யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடவில்லை. கம்ப்யூட்டரில் போட்ட வேலையெல்லாம் சேமித்து வைக்கும் அந்தப் பெட்டி, அது பாட்டுக்கு ஸ்டோர் ரூம் அலமாரியில், பழைய டைல்ஸ் கட்டுக்கும் குடைகளுக்கும் நடுவில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்குத்தான் அது இருக்கிற இடம் தெரியவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று முன்னறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

பல்செட்டுக்காரர் அப்போது பின்கட்டில் பல் அச்சு வார்க்கும் சாந்தைக் குழைத்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பல் டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறார். முன்பெல்லாம் மெழுகும் கத்தியுமாக அவர் ஒருவரே செய்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைசல் இயந்திரம் வந்தது. அதற்கு வேண்டிய வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் மனைவி போடுவாள், இயந்திரம் கடையும், இவர் ராவி, தேய்த்து, மெருகேற்றுவார். ஒரு வாயில் இருவர் கைவேலை. எப்போதும் இவர்களிடமே பல் வாங்கும் டாக்டரம்மா அதைத்தான், "உங்க வீட்டுல பல்லுக்கும் கல்யாணம் ஆகித்தான் வெளிய வருது" என்று கேலி செய்வாள்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். வெளியே மழை நூல் பிடித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கிய புது அச்சு இயந்திரம் மூலையில் முனகிக்கொண்டிருந்தது. ஒருவருடைய தாடையை அப்படியே பிசினில் அச்சு வார்த்துத் தரும் இயந்திரம் அது. காலையில் ஏழு மணிக்கு எழுந்த கையோடு மனைவி, டாக்டரம்மா பென்டிரைவில் அனுப்பியிருந்த அளவை வைத்து, அதில் வேலை போட்டுவிட்டாள். ஏழு மணி நேர வேலை.

"பெட்டி திறக்க மாட்டேங்குது."

"நேத்து இருந்துச்சா?"

"நேத்து ஞாயித்துக்கிழமை. நேத்து நான் கம்ப்யூட்டர் பக்கமே போகலை."

அவர் பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மனைவியின் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது, அந்த முகம் சரியாக இல்லை.

"கிளாரினெட்காரர் பல்லு உள்ளதானே இருக்கு?" என்றார்.

"வேற எங்க இருக்கும்?"

கடைசல் இயந்திரம் வந்த புதிதில் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்தது. படுத்தது எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தொரு பேருடைய பற்கள் அதோடு போயின. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். கம்ப்யூட்டரில் எதையும் வைக்கக் கூடாது, எல்லாம் பெட்டிக்குள்தான். பெட்டிக்குள் பதிவுத் தட்டு இரண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று பெட்டியை வைத்துக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். அவர் வெளிநாடு போய் மூன்று வருஷமாகிறது. தட்டு போகாமல் வழி மட்டும் போனால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

கிளாரினெட்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பற்கள் நான்கைப் பறிகொடுத்தவர். கிளாரினெட் ஊதுகிறவனுக்கு மேல்பல்தான் அஸ்திவாரம். ஊதுவாய் அதில்தான் உட்காரும். ஆறு மாதமாகக் கச்சேரிக்குப் போகவில்லை. இன்று இரவு ஏழு மணி ரயிலில் அவர் கிளம்ப வேண்டும். நாளைக் காலை வேறு ஊரில் ஒரு வாத்தியக் குழுவில் ஊதிக் காட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு அழைப்பு இன்னொரு தடவை வராது.

அவருக்காக மனைவி நான்கு நாள் உட்கார்ந்தாள். இரண்டு தடவை சோதனைப் பல் கடைந்து, டாக்டரம்மா முன்னால் ஊதவைத்து, காற்று எங்கே கசிகிறது என்று காதால் கேட்டு, நடுப்பல் இரண்டின் விளிம்பை நூலளவு நூலளவாக மாற்றினாள். சோதனைப் பல் மட்டமான பிளாஸ்டிக். அதுவும் போன வாரம் உடைந்துவிட்டது. பல் கடைவதற்கான சரியான பிசின் வட்டு சனிக்கிழமைதான் வந்தது. அளவு முழுவதும் பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது.

"எத்தனை மணிக்குக் குடுக்கணும்?"

"அஞ்சு மணிக்கு வாயில உக்காரணும்னு டாக்டர் சொன்னாங்க. கடையறதுக்கு ஒண்ணேகால் மணி. உங்களுக்கு ஒண்ணரை மணி. ரெண்டு மணிக்குள்ள நான் ஆரம்பிக்கலைன்னா அவர் பொக்கை வாயோடதான் ரயில் ஏறணும்."

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். பெட்டியை அணைத்துப் போட்டார்கள். இரண்டையும் சேர்த்து அணைத்து, பல்செட்டுக்காரர் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு போட்டார்கள். பெட்டிக்குப் போகும் வயரைக் கழற்றி, கடைசல் இயந்திரத்தின் வயரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பச்சை விளக்கு உற்சாகமாகச் சிமிட்டியது. இண்டர்நெட் குறைவில்லாமல் வந்தது. உலகத்தில் இருக்கிற எல்லாம் திரையில் திறந்தது. பத்தடி தள்ளி இருக்கிற பெட்டி மட்டும் திறக்கவில்லை.

"டெல்லிக்கு வழி தெரியுது, கொல்லைக்கு வழி தெரியல" என்றார்.

மனைவி சிரிக்கவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தடித்த மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று தொங்கி, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு சாண்கூட இருக்காது.

"பாத்தீங்களா?" என்றாள்.

கோட்டு அவருடைய தம்பி மனைவியுடையது. தம்பி கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பான். அவன் மனைவி தபால்காரி. காலை ஆறு மணிக்குப் போனால் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருவாள், மறுபடி போவாள். மழைக்காலத்தில் இரண்டு கோட்டு வைத்துக்கொண்டு, லீவு நாளில்கூட ஒன்று மாற்றி ஒன்று போடுவாள்.

"தண்ணி பெட்டி மேல படலையே" என்றார் அவர், தொட்டுப் பார்த்து.

"உள்ள போயிருக்கும்."

"உள்ள போனா விளக்கு எரியுமா?"

"உங்களுக்கு உங்க தம்பி வீட்டுமேல ஒரு சொல் விழக் கூடாது."

அதற்குப் பதில் சொல்வது வில்லங்கம். ஒரு துணியை எடுத்துப் பெட்டியைத் துடைத்தார்.

பத்தரை மணிக்குப் பெட்டிக் கம்பெனியின் உதவி நம்பர் கிடைத்தது. நாற்பது நிமிஷம் வீணை கேட்ட பிறகு ஒரு குரல் வந்தது. நல்ல பொறுமைசாலி. பெட்டியின் எண் என்ன என்று கேட்டது.

அது தெரியும். பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு துண்டு எண், கடைசித் துண்டு நாற்பத்தேழு. அதன் கீழே, வைத்துக் கொடுத்தவர் கையால், 'இந்த எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"அந்த எண்ணை அப்படியே மேல டைப் பண்ணி உள்ள போங்க மேடம்."

மனைவி தட்டினாள். ஒரு பக்கம் திறந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. "திறந்துடுச்சு. பேரும் பாஸ்வேர்டும் கேக்குது."

"போடுங்க."

போட்டாள். தவறு என்றது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். தவறு என்றது. பக்கத்தில் நின்றவர் வாயைத் திறக்கும் முன்பே, "ஆறு வருஷமா இதைத்தான் போடறேன். எனக்கு மறக்காது" என்றாள்.

"பெட்டி மறந்திருக்கும் மேடம்" என்றது குரல். "சில சமயம் ஆகறதுதான். பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். ஊசி மாதிரி ஏதாவது விட்டுப் பத்து விநாடி அழுத்துங்க. புதுசா வாங்கின மாதிரி ஆயிடும்."

பல்செட்டுக்காரர் போனை வாங்கினார். "சார், உள்ள இருக்கறது?"

"பெரும்பாலும் இருக்கும் சார்."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்தான் சார். பேக்கப் வேற எங்கயாவது வெச்சிருக்கீங்கல்ல?"

"பேக்கப்தான் சார் இந்தப் பெட்டி."

"முடிவு உங்களோடது சார்" என்றது குரல்.

ஊசிக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. பல்லிடுக்கைக் குத்திப் பார்க்கும் பதினான்கு கூர்க்கம்பிகள் ஒரு தட்டில் அடுக்கியிருந்தன. அவர் ஒன்றை எடுத்து, பெட்டியைத் திருப்பி வைத்து, துளையைக் கண்டுபிடித்தார். கடுகில் பாதி இருக்கும்.

"குத்துங்க" என்றாள் மனைவி.

"போயிட்டா?"

"குத்தலைன்னாலும் அவர் பல்லு இல்லைதானே."

"இவர் பல்லு மட்டுமா? உள்ள நானூறு வாய் இருக்கு. நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு பல் உடைஞ்சா, பழைய அளவு எங்கேன்னு கேப்பாங்க."

"அவங்கெல்லாம் நாளைக்கு ரயில் ஏறலை."

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். கம்பியைத் துளையின் வாய்வரை கொண்டுபோனார். மெழுகில் மயிரிழை கீறுகிற கை அது. ஆனால் கம்பி துளைக்குள் போகவில்லை.

"ஒண்ணரை வரைக்கும் பாப்போம்" என்று கம்பியைக் கீழே வைத்தார். "அதுக்கு மேல நீ சொன்னபடி."

"ஒண்ணரை வரைக்கும் எதைப் பாக்கறது?"

அது அவருக்கும் தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் உருளைக்கிழங்கை வேகவைத்தார், நான்கு முட்டையைப் போட்டார், ரொட்டியை வெட்டினார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. டாக்டரம்மா போன் செய்தாள்.

"பல்லு கிளம்பிடுச்சா?"

"கிளம்பிட்டே இருக்கு டாக்டர்."

"அவர் காலைலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கார். பெட்டி படுக்கையோட. வேற பேஷண்ட் எல்லாம் அவர் மடியில இருக்கற வாத்தியப் பையைப் பாத்துட்டு, மருந்துக் கம்பெனி ஆள்னு நெனைக்கறாங்க. சீக்கிரம் வாங்க."

சொல்லிவிடலாமா என்று நினைத்தார். ஒன்றரை வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தபால்காரி வந்தாள். தொப்பியிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "அக்கா, இன்னிக்கு நாய் கடிக்கலை. அதுவே ஒரு லாபம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"நேத்து ராத்திரி உன் கோட்டை எங்க மாட்டினே?" என்றாள் ஓரகத்தி.

"ஸ்டோர் ரூம்லதான். ஏன்க்கா?"

"அங்க கரண்டு சாமான் இருக்குன்னு தெரியாதா? பெட்டி செத்துக் கிடக்கு. காலைலேர்ந்து உசுரு போகுது. ஊருக்கெல்லாம் தபால் நனையாம குடுக்கத் தெரியுது, வீட்டுல ஒரு கோட்டை வெளிய மாட்டத் தெரியல."

"அவ கோட்டுனாலதான்னு யாரு சொன்னா?" என்றார் பல்செட்டுக்காரர்.

"விடுங்க மாமா" என்றாள் தபால்காரி. முகம் சுருங்கிப் போயிற்று. போட்டிருந்த கோட்டைக் கழற்றி வாசல் கம்பியில் மாட்டினாள். துடைப்பத் துணியை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அவள் தரையை ஒற்றிப் பிழிகிற சத்தம் கேட்டது. வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகப் பிழிந்தாள்.

"சாப்பிட்டுட்டுத் துடையேம்மா" என்று அவர் கூப்பிட்டுப் பார்த்தார். பிழிகிற சத்தம் இன்னும் பலமாயிற்று.

திரும்பி வரும்போது முன்னறை வழியாகத்தான் வர வேண்டும். வந்தவள், புது அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கால் தயங்கி நின்றாள். அதன் முகப்பில் தீப்பெட்டி அளவு ஒரு திரை. அதில் இன்னும் எவ்வளவு நேரம் என்று மணியும், கீழே பொடி எழுத்தில் ஓர் எண்ணும் தெரிந்தன.

"இதுவும் நாப்பத்தேழா?" என்றாள்.

"என்ன நாப்பத்தேழு?" மனைவி திரும்பவில்லை.

"அங்க சுவத்துல ஒட்டியிருக்கே, அதே நம்பர். புள்ளி எல்லாம் அதே இடத்துல. அது பெட்டியோட நம்பர்னுல்ல நெனைச்சேன்."

"எல்லா நம்பரும் அப்படித்தான் இருக்கும். முன்னாடி மூணும் நம்ம வீடு முழுக்க ஒண்ணுதான்."

"முன்னாடி மூணும் தெரு, சரி. கடைசிதானேக்கா கதவு? ரெண்டு கதவுக்கு ஒரே நம்பரா?"

மனைவியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"நான் தபால் குடுக்கற பக்கம் இப்படி ரெண்டு வீடு இருக்கு" என்றாள் தபால்காரி, ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி. "ரெண்டும் பன்னெண்டு. புதுசா வந்தவர் சும்மா அழகா இருக்குன்னு எழுதி வெச்சுட்டார். நான் போனா சரியா குடுத்துடுவேன். லீவுல வேற ஆள் போனா, எந்தக் கதவை முதல்ல பாக்கறானோ அங்க போட்டுட்டு வந்துடுவான். பழைய பன்னெண்டுக்காரர், 'எனக்குத் தபாலே வரலை'ன்னு ஆபீசுல வந்து கத்துவார். அவர் வீடு எங்கயும் போகலை. அங்கேயேதான் இருக்கு."

மனைவி மெதுவாக எழுந்தாள். ஸ்டோர் ரூமுக்குப் போனாள். தாளைப் பார்த்தாள். திரும்பி வந்து குனிந்து சின்னத் திரையைப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்தாள்.

"அப்போ காலைல திறந்துச்சே ஒரு பக்கம், பாஸ்வேர்டு கேட்டுச்சே…"

"அது இந்த வீட்டுக் கதவாக்கும்" என்றாள் தபால்காரி, அச்சு இயந்திரத்தைக் காட்டி. "உங்க சாவி எப்படிச் சேரும்?"

அச்சு இயந்திரத்தை நிறுத்தினால் ஆறு மணி நேர வேலை பாழ். நிறுத்தத் தேவையில்லை என்று மனைவிக்குத் தோன்றியது. அதற்கு வேண்டிய அளவு காலையிலேயே அதற்குள் போய்விட்டது. பின்னால் கையை விட்டு வயரை மட்டும் உருவினாள். இயந்திரம் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெட்டி திறந்தது. வரிசையாக நானூறு பேர். கடைசியிலிருந்து மூன்றாவதாகக் கிளாரினெட்காரர்.

மனைவி அளவைக் கடைசல் இயந்திரத்துக்கு அனுப்பினாள், வட்டை மாட்டினாள், கதவை மூடினாள், நீர் பீய்ச்சும் சத்தமும் கடையும் சத்தமும் எழுந்தன. மணி ஒன்று இருபது. அப்புறம்தான் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் பல்செட்டுக்காரர்.

"சனிக்கிழமை வந்து மெஷின் மாட்டினானே, அந்த மகராசனுக்கு. ஒரு வீட்டுல என்ன நம்பர் இருக்குன்னு பாக்காம போடுவானா? நாலு வார்த்தை கேக்கப் போறேன்."

அவர் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். தபால்காரி நாற்பத்தேழு என்று சொன்ன நிமிஷத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"வேணாம். அவன் மேல தப்பில்ல."

"பின்ன யார் மேல?"

"நீ கடைக்குப் போயிருந்தே. இதுக்கு என்ன நம்பர் குடுக்கறது சார்னு கேட்டான். நான் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் அந்தத் தாளைக் காட்டினேன். 'இது வேற யாருக்கும் இல்லையே'ன்னுகூடக் கேட்டான். 'யாருக்குமில்ல, எங்க வீட்டு நம்பர்'னு சொன்னேன்."

"வீட்டு நம்பரா?"

"வீட்டுல ஆறு பேர் இருந்தாலும் விலாசம் ஒண்ணுதானே. அப்படித்தான் இதுவும்னு நெனைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மாத்தக் கூடாதுன்னு வேற சிவப்புல எழுதியிருந்துச்சு. நான் மாத்தாமதான் குடுத்தேன்."

முதலில் சிரித்தது தபால்காரிதான். முந்தானையால் வாயைப் பொத்தப் பார்த்து, முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வருமா, அழுகை வருமா என்று அவளுக்கே தெரியாத ஒரு பார்வை. பிறகு போனைக் கீழே வைத்தாள்.

"காலைலேர்ந்து ஏன் சொல்லலை?"

"காலைல எனக்கே தெரியாதே. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?"

"தெரியாம இருந்தவர் ஊசியை எடுத்தீங்களே."

"நீ குத்தச் சொன்னே."

"நான் சொன்னதை எப்ப உடனே கேட்டிருக்கீங்க, இதைக் கேக்க" என்றாள். அவள் குரல் தணிந்திருந்தது.

சாப்பாடு ஆறியிருந்தது. மனைவி முட்டையை உரித்து, உப்பும் மிளகும் தூவி, முதலில் ஓரகத்தியின் தட்டில் வைத்தாள். ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள்.

"வந்ததும் வராததுமா ஏதோ சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"வெச்சுக்க அங்க இடமில்லக்கா. அறுநூறு கதவு நம்பர் இருக்கு" என்றாள் தபால்காரி. பிறகு, மெல்லுவதை நிறுத்திவிட்டு, "ஆனா வருத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"இருக்கும்" என்றாள் மனைவி.

அவள் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தாள். கடைசல் இயந்திரத்தின் சத்தம் அந்த இடத்தை நிரப்பியது.

இரண்டு முப்பத்தைந்துக்கு வட்டிலிருந்து நான்கு பற்களும் ஒரே பாலமாகப் பிரிந்து வந்தன. பல்செட்டுக்காரர் விளக்கை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வட்டோடு ஒட்டியிருந்த காம்புகளை ராவினார். இடுக்குகளைத் திறந்தார். நடுப்பல் இரண்டின் விளிம்பில், மனைவி நூலளவு இழைத்த இடத்தில், அவர் கை வேகம் குறைந்தது. மெருகுப் பஞ்சு அங்கே ஒரு சுற்று அதிகம் சுற்றினால் அவளுடைய நான்கு நாள் தூசியாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்த்தார். அப்படியே விட்டார். மூன்று ஐம்பதுக்கு ஆவியில் கழுவி, டப்பாவில் வைத்து, மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார்.

கிளினிக்கில் கிளாரினெட்காரர் எழுந்து நின்றார். ஒல்லியான மனிதர், பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டிருந்தது. டாக்டரம்மா பாலத்தை ஒட்டாமல் சும்மா பொருத்தினாள். கடிக்கச் சொன்னாள். கடி எங்கே படுகிறது என்று சிவப்புத் தாள் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு நல்லா இருக்கு. ஊதிப் பாருங்க."

அவர் வாத்தியத்தைப் பூட்டினார். பூட்ட நேரமாயிற்று. பல்செட்டுக்காரர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"ஊதப் போறார்."

"போனைக் கிட்ட வைங்க" என்றாள் மனைவி.

முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு ஒரு சுரம். நடுவிலிருந்து மேலே போயிற்று. ஏழெட்டுச் சுரம் படியேறி இறங்கியது. வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள்.

"பிரமாதம். ஒட்டிடலாமா?"

"இருங்க" என்றது போன். "கீழ் சுரத்தைப் பிடிக்கச் சொல்லுங்க. கடைசிக் கீழ். ரெண்டு தடவையும் அங்கதான் கசிஞ்சுது."

கிளாரினெட்காரர் தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எல்லா விரலும் துளைகளை மூடின. அடியிலிருந்து, மரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அகலமாக அந்தச் சுரம் வந்தது. பல்செட்டுக்காரர் போனைப் பிடித்த கையை நீட்டிக்கொண்டு, அவர் உதட்டோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சுரம் அசையவில்லை. மூச்சு முடியும்வரை ஒரே கனத்தில் நின்று, அணைத்த விளக்கு மாதிரி ஓய்ந்தது.

பல்செட்டுக்காரர் போனைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்" என்றாள் மனைவி. "ஒட்டச் சொல்லுங்க."